நள்ளிரவு 12.30க்கு அறுந்த பதிவேற்றங்கள்: பஃபர் அளவைத் தவறாகத் தேர்ந்ததால் நேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஒரு சிறிய தன்னார்வக் குழு, தோட்டங்களில் வாழும் முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து, அவர்கள் வைத்திருக்கும் பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வரவுப் பதிவு) தாள்களையும் பிறப்புப் பத்திரங்களையும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் சேர்ந்துபோன விண்ணப்பப் பிரதிகளையும் ஸ்கேன் செய்து, இணையத்தில் ஒரு களஞ்சியமாகச் சேர்த்து வருகிறது. அதன் வழங்கியைப் (சர்வரைப்) பராமரிக்கும் இருவரில் நானும் ஒருவன். பெரிய கோப்புகள் வந்துசேராமல் போன ஏறத்தாழ ஐந்து வார காலத்தில் நாங்கள் எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதையும், எந்த வரிசையில் அந்தத் தவறுகள் ஒன்றையொன்று மறைத்தன என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

கோப்புகளின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்கள் என்ற அமைப்பில் அழுத்தம் செய்யப்படாத வேவ் ஒலிப்பதிவு ஒரு வினாடிக்கு 2,88,000 பைட் எடுக்கும். ஒரு மணி நேர உரையாடல் என்றால் 1.04 ஜிபி. ஏ4 தாளொன்றை 300 டிபிஐயில் நிறத்தோடு ஸ்கேன் செய்து அழுத்தாத டிஃப் கோப்பாக வைத்தால் 26 எம்பி. எம்பி3 ஆக்கி அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் எண்பத்தைந்து வயதுப் பாட்டியிடம் இரண்டாம் முறை பேசிப் பதிவுசெய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மூலப் பதிவு முழுமையாக வந்துசேர வேண்டும் என்பதில் குழு உறுதியாக இருந்தது, நானும் அதில் உடன்பட்டேன்.

வழங்கி 2 ஜிபி நினைவகமும் ஒரே சிபியு மையமும் கொண்ட, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரம். முன்னால் உலாவிகளின் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் பைத்தான் செயலியை இயக்கும் குனிகார்ன், அதற்குள் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய எங்கள் செயலி, பக்கத்திலேயே போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். தன்னார்வலர்கள் கையடக்கத் தொலைபேசியையோ சிறிய 4ஜி ரவுட்டரையோ மடிகணினியோடு இணைத்து அனுப்புகிறார்கள். மலைமுகடு மறைக்காத இடத்தில் இருந்தால் மேல்நோக்கிய வேகம் நன்றாகவே கிடைக்கும். பள்ளத்தாக்கில் இருக்கும் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்) கிடைத்தால் அது நல்ல இரவு. அந்த வேகத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு மேலேறுவதற்கு 69 நிமிடம் ஆகும். அதாவது, பேசிய நேரத்தைவிட அனுப்பும் நேரம் கூடுதல்.

எச்சரிக்கை வரியும் அதற்குச் செய்த வைத்தியமும்

முதல் தடை எல்லோருக்கும் வருவதுதான். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கை உடலை (கோரிக்கையோடு வரும் தரவை) ஏற்காது. 413 என்ற பிழையோடு திருப்பிவிடும். உச்ச வரம்பை 1500 எம்பி ஆக்கினோம், அந்தப் பிழை போய்விட்டது. இதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர். பெரிய கோப்புகள் வரத் தொடங்கியதும் பிழைப்பதிவேட்டில் ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் ஓர் எச்சரிக்கை வரி விழுந்தது: கோரிக்கையின் உடல் ஒரு தற்காலிகக் கோப்பில் சேமிக்கப்படுகிறது என்பதே அதன் பொருள். எச்சரிக்கை என்றாலே ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. வட்டில் எழுதுவது மெதுவானது, நினைவகத்தில் வைத்திருப்பது வேகமானது, ஆகவே பஃபரை, அதாவது வரும் தரவை நினைவகத்தில் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தை, கோப்பின் அளவுக்கே பெரிதாக்கினால் எச்சரிக்கையும் ஒழியும், வேகமும் கூடும் என்று நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம். உடலுக்கான பஃபர் 64 பிட் இயந்திரத்தில் இயல்பாக 16 கேபி; அதையும் 1500 எம்பி ஆக்கினோம். உச்ச வரம்பு, பஃபர் ஆகிய இரண்டு அமைப்புகளும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே எண்ணைத் தாங்கி நின்றபோது ஒழுங்காகச் செய்துவிட்ட நிறைவுகூட எனக்கு இருந்தது. எச்சரிக்கை வரி மறைந்தது. சோதனைக்காக நான் அனுப்பிய 1.04 ஜிபி கோப்பு சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு வந்த முறைப்பாடுகளுக்கு ஒரு வினோதமான ஒழுங்கு இருந்தது. பகலில் யாராவது ஒருவர் தனியாக அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும். இரவில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும், நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் போனதும், எல்லோருக்கும் ஒரே கணத்தில் அறுந்துவிடும். நோர்வூட்டில் ஒருவருக்கும் மஸ்கெலியாவில் இன்னொருவருக்கும் ஒரே நிமிடத்தில் சிக்னல் போகாது என்று எங்களுக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மலைநாட்டில் இணைப்பு அறுவது என்பது பனிமூட்டம் இறங்குவதைப் போல வழக்கமான செய்தி. இரண்டு வாரங்களை வானிலையின் மேல் பழிபோட்டே கழித்தோம்.

நள்ளிரவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தொழில்நுட்பத்தில் இல்லை. தன்னார்வலர்கள் வாங்கியிருந்த தரவுப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்துவதற்கென்று தனி ஒதுக்கீடு இருந்தது. பகல் ஒதுக்கீட்டை வீட்டுத் தேவைக்கு விட்டுவைத்து, 12 மணி அடித்ததும் மூன்று பேர் ஒருசேரப் பதிவேற்றத்தைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போவார்கள். நாங்கள் ஒருவராக இருந்து சோதித்ததை அவர்கள் மூவராக இருந்து பயன்படுத்தினார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. வரும் உடலின் நீளம் பஃபருக்குள் அடங்கும் என்றால், என்ஜின்எக்ஸ் அந்த நீளம் முழுவதற்கும் உரிய இடத்தை நினைவகத்தில் ஒரே துண்டாகக் கேட்டுவிடுகிறது. வழங்கியின் இயங்குதளமான லினக்ஸ் அதைத் தாராளமாகத் தருகிறது, ஏனென்றால் அந்தக் கணத்தில் அது வெறும் வாக்குறுதிதான். பைட்டுகள் வந்து விழ விழவே உண்மையான நினைவகப் பக்கங்கள் செலவாகின்றன. தரவுத்தளமும் செயலியும் எடுத்ததுபோக ஏறத்தாழ 1.3 ஜிபி மிஞ்சியிருந்தது. மூன்று பதிவேற்றங்கள் என்றால் ஒவ்வொன்றும் 430 எம்பியை எட்டும்போது அது தீர்ந்துவிடும், 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 430 எம்பி வந்துசேர 29 நிமிடம் ஆகும். 12 மணிக்குத் தொடங்கியது 12.30க்குச் சாவதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை. தனியொரு கோப்பு 1.04 ஜிபி மட்டுமே என்பதால் 1.3 ஜிபிக்குள் அடங்கி, எங்கள் சோதனையில் வென்றுவிட்டது.

நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எதையாவது கொன்றாக வேண்டும், பெரும்பாலும் மிகக் கூடுதலாக உண்பதையே அது தேர்ந்தெடுக்கும். ஒரே சிபியு மையம் என்பதால் என்ஜின்எக்ஸுக்கு ஒரே ஒரு பணியாள் செயல்முறைதான் இருந்தது. மூன்று பதிவேற்றங்களும் அதன் கையில்தான் இருந்தன. அது கொல்லப்பட்டது, மூன்றும் ஒரே கணத்தில் அறுந்தன, தலைமைச் செயல்முறை உடனே புதிய பணியாளை எழுப்பிவிட்டது. தளம் விழுந்ததை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் எங்கள் கண்காணிப்பு ஒருபோதும் காணவில்லை. 9ஆம் இலக்க சமிக்ஞையால் (உடனே கொல்லும் ஆணையால்) பணியாள் வெளியேறியது என்ற ஒற்றை வரி பிழைப்பதிவேட்டில் ஒவ்வோர் இரவும் இருந்தது. எச்சரிக்கை வரிகள் ஒழிந்துவிட்ட மகிழ்ச்சியில் நாங்கள் அந்தப் பதிவேட்டைத் திறப்பதையே நிறுத்தியிருந்தோம்.

இங்கே மெதுவான இணைப்புதான் சிக்கலை வளர்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு எம்பிபிஎஸ் இணைப்பிலிருந்து வரும் அதே கோப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் வந்து, நினைவகத்தை விட்டு நீங்கிவிடும். மூன்று பேர் அதே கணத்தில் மோதிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு. எங்கள் கோப்பு 69 நிமிடம் குடியிருக்கிறது. பஃபரின் அளவைத் தேர்கிறவர் கோப்பின் அளவைப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் உள்ளே இருக்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு நாளின் கொழுந்து முழுவதையும் கொள்ளும்படி கூடை முடைந்து முதுகில் மாட்டிக்கொள்வதில்லை. சுமக்கக்கூடிய அளவுக்குக் கூடை, நிறைந்ததும் மடுவத்துக்குப் போய் நிறுத்துக் கொட்டிவிட்டு மீண்டும் மலைக்கு. என்ஜின்எக்ஸின் பஃபர் அந்தக் கூடை; தற்காலிகக் கோப்புதான் மடுவம். கூடையிலிருந்து மடுவத்துக்குக் கொழுந்து போகிறது என்று அறிவித்த வரியைப் பார்த்துத்தான் நாங்கள் பதறினோம்.

சிறிய பஃபர் வேகத்தைக் குறைக்காதா?

இந்தக் கேள்வியை எண்ணால் தீர்த்துக்கொள்வது நல்லது. 16 கேபி பஃபர் என்றால் 1.04 ஜிபி கோப்புக்கு ஏறத்தாழ 63,000 முறை வட்டுக்கு எழுத வேண்டும். 128 கேபி என்றால் 7,900 முறை. முதல் எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 2 எம்பிபிஎஸ் இணைப்பில் 16 கேபி நிறைவதற்கே 65 மில்லிவினாடி ஆகும், அதாவது வினாடிக்குப் பதினைந்து முறை எழுதுவது. அதுவும் நேரே வட்டுக்குப் போவதில்லை, கெர்னலின் பக்கத் தற்காலிகச் சேமிப்புக்குப் போய் அங்கிருந்து சாவகாசமாக வட்டில் இறங்குகிறது. எந்த மலிவான வட்டுக்கும் இது ஒரு வேலையே இல்லை. பஃபர் அளவு வேகத்தைத் தீர்மானிக்கும் சூழல்கள் உண்டு. ஒரே தரவு மையத்துக்குள் இருக்கும் இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பத்து கிகாபிட் வேகத்தில் கோப்புகளைத் தள்ளும்போது அது பொருட்டாகும். பொகவந்தலாவையிலிருந்து வரும் கோப்புக்கு இடுக்கு வழி ரேடியோ அலைதானே தவிர வட்டு இல்லை.

நாங்கள் 128 கேபி என்று வைத்தோம். களஞ்சியத்தின் சிறிய படிவங்களும் விவரக்குறிப்புகளும் சிறுபடங்களும் அதற்குள் அடங்கி நினைவகத்திலேயே முடிந்துவிடுகின்றன; அதற்கு மேற்பட்டவை வட்டுக்குப் போகின்றன. ஐம்பது கோரிக்கைகள் ஒருசேர வந்தாலும் 6.4 எம்பிக்கு மேல் போகாது. எச்சரிக்கை வரி திரும்பி வந்தது. இம்முறை அதை வரவேற்றோம்.

அதற்கிடையில் டிசிபி (இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) மட்டத்துப் பஃபர்களையும் பெரிதாக்கினால் என்ன என்று ஒரு யோசனை எழுந்தது. பெறும் பக்கத்தில் லினக்ஸ் தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கிறது. 2 எம்பிபிஎஸ் வேகமும் 100 மில்லிவினாடிச் சுற்றுநேரமும் (தரவு போய்ப் பதில் திரும்பும் நேரமும்) உள்ள பாதையை நிறைத்து வைக்க 25 கேபி போதும், இயல்பான உச்சமோ அதைவிட இருநூறு மடங்குக்கு மேல். வழங்கியில் பிபிஆர் என்ற, அனுப்பும் வேகத்தைப் பாதைக்கு ஏற்பச் சீராக்கும் நெரிசல் கட்டுப்பாட்டை நிறுவும் யோசனையும் அப்படித்தான் போயிற்று, ஏனெனில் நெரிசல் கட்டுப்பாடு அனுப்புகிறவர் பக்கத்தில் இயங்குவது. பதிவேற்றத்தில் அனுப்புகிறவர் லயத்து மடிகணினி; வழங்கியில் எதை நிறுவினாலும் பதிவிறக்கத்துக்குத்தான் உதவும். இதை நினைவுகூர எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் செலவானது.

வட்டு என்று எண்ணியது வட்டாக இல்லை

பஃபரைச் சுருக்கிய அன்றிரவு பணியாள் கொல்லப்படவில்லை. ஆனால் மூவருக்கும் 500 பிழை (வழங்கிக்குள் கோளாறு). பதிவேட்டில், சாதனத்தில் இடமில்லை என்று எழுதியிருந்தது. வட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது.

காரணம், பஃபரைப் பெரிதாக்கிய அதே வாரத்தில் நாங்கள் செய்திருந்த இன்னொரு ‘மேம்படுத்தல்’. தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவை வேகத்துக்காக டிஎம்பிஎஃப்எஸ் மேல் வைத்திருந்தோம். டிஎம்பிஎஃப்எஸ் என்பது கோப்பமைப்பைப் போலத் தோற்றம் தரும் நினைவகம். அளவு குறிப்பிடாவிட்டால் மொத்த நினைவகத்தில் பாதியை எல்லையாக வைத்துக்கொள்ளும். எங்களுக்கு அது 1 ஜிபி. அதை மூவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் அனுப்பியிருந்தாலும் முழுக் கோப்பு அடங்குமா என்பது ஐயமே. பஃபர் பெரிதாக இருந்தவரை எதுவும் அந்த அடைவுக்குப் போகாததால் இந்தத் தவறு ஒளிந்தே இருந்தது. முதல் தவறைத் திருத்தியதும் இது வெளியே வந்தது. அடைவை உண்மையான வட்டுக்கு மாற்றினோம். ஜாங்கோ தனக்கென வைத்திருக்கும் தற்காலிக அடைவையும் கோப்புகள் இறுதியில் தங்கும் அதே கோப்பமைப்புக்குள் வைத்தோம். இரண்டும் ஒரே கோப்பமைப்பில் இருந்தால் இடமாற்றம் என்பது வெறும் பெயர்மாற்றம். வேறுவேறு என்றால் ஒரு ஜிபியை மறுபடி எழுத வேண்டியிருக்கும். இது ஜாங்கோவின் அடைவுக்கே பொருந்தும்; என்ஜின்எக்ஸ் தன் தற்காலிகக் கோப்பை எப்படியும் மறுபடி படித்தே செயலிக்கு அனுப்புகிறது. ஜாங்கோ 2.5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தன் பங்குக்கு ஒருமுறை தற்காலிகமாக எழுதிவைக்கிறது.

நூறு வீதத்துக்குப் பிறகு வந்த பிழை

இதற்கும் பிறகு மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நூறு வரைக்கும் போயிருச்சு. அதுக்குப் பொறகு கொஞ்ச நேரம் சும்மா சுத்திக்கிட்டு நின்னு, செவப்பா எழுதிக் காட்டுது” என்றார். 69 நிமிடம் காத்திருந்தவருக்கு நூறு வீதத்தில் தோல்வி காட்டுவதைவிடக் கொடிய பிழையை ஒரு செயலியால் தர முடியாது.

என்ஜின்எக்ஸ் இயல்பாக முழு உடலையும் தான் வாங்கி முடித்த பிறகே பின்னாலுள்ள செயலிக்கு அனுப்பத் தொடங்கும். ஆகவே உலாவியில் நூறு என்று தெரியும்போது எங்கள் செயலி ஒரு பைட்டைக்கூடப் பார்த்திருக்காது. அதன் பிறகுதான் ஒரு ஜிபி மறுபடி வட்டிலிருந்து படிக்கப்பட்டு, குனிகார்னுக்குப் போய், ஜாங்கோவால் பிரிக்கப்பட்டு, இன்னொரு முறை எழுதப்பட்டு, கடைசியில் நாங்களே ஆசையாகச் சேர்த்திருந்த சரிபார்ப்புத் தொகை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) கணக்கிடலுக்கும் உட்பட்டது. குனிகார்னின் சாதாரண வகைப் பணியாள் ஒரே கோரிக்கையில் 30 வினாடிக்கு மேல் மூழ்கியிருந்தால் ‘நடுவர்’ எனப்படும் அதன் மேற்பார்வைச் செயல்முறை அதைக் கொன்றுவிடும். என்ஜின்எக்ஸ் அதை 502 பிழையாக (பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் இல்லை) மொழிபெயர்த்தது.

முழுதாக வாங்கி வைக்கும் பழக்கத்தையே நிறுத்திவிட்டு, வர வரச் செயலிக்கு அனுப்பினால் என்ன என்பது உடனே தோன்றும் மாற்று. அதற்கான அமைப்பு என்ஜின்எக்ஸில் 1.7.11 பதிப்பிலிருந்து உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. அப்படிச் செய்தால், 30 வினாடிக் கெடுவை நீட்டினாலும், 69 நிமிடம் ஊர்ந்து வரும் ஒவ்வொரு பதிவேற்றமும் குனிகார்னின் ஒரு பணியாளை 69 நிமிடம் பிடித்து வைக்கும். எங்களிடம் இருந்தவர்களோ மூன்று பணியாளர்கள். மெதுவான வாடிக்கையாளரிடமிருந்து பின்னாலுள்ள செயலியைக் காப்பதற்காகவே இந்த வாங்கிவைப்பு இருக்கிறது, எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் மெதுவானவர்கள்.

துண்டின் அளவு

இவ்வளவும் திருத்திய பிறகும் ஒரு உண்மை மிஞ்சியது: 69 நிமிடம் ஒரே டிசிபி இணைப்பு அறாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே மலையில் தவறு. மரம் விழுந்து மின்சாரம் போகும். லக்ஷபான நீர்மின்சாரம் பிறக்கும் மலைகள் இவை, ஆனாலும் காற்று கிளம்பினால் லயத்தில் முதலில் அணைவது விளக்குதான். 4ஜி 3ஜியாக இறங்கும். ரவுட்டர் மறுபடி இணையும்போது முகவரி மாறும், பழைய இணைப்பு செத்துப்போகும். என்ஜின்எக்ஸின் 60 வினாடிக் காலக்கெடு இரண்டு வாசிப்புகளுக்கு இடைப்பட்ட மௌனத்துக்கு உரியது, முழுப் பதிவேற்றத்துக்கு அல்ல. அதைக் கூட்டினாலும் செத்த இணைப்பு உயிர்த்தெழாது.

ஆகவே கோப்பை உலாவியிலேயே துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோரிக்கையாக அனுப்பும் முறைக்கு மாறினோம். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கு இருக்கிறது: எத்தனையாவது பைட் வரை வந்திருக்கிறது என்று உலாவி ஹெட் கோரிக்கையால் வழங்கியைக் கேட்கும், அங்கிருந்து தொடர்ந்து பேட்ச் கோரிக்கையால் அனுப்பும். இங்கேதான் அளவைத் தேர்வது உண்மையிலேயே பொருளுள்ள வேலையாகியது. துண்டு சிறிதானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப் பயணம் வீணாகும். பெரிதானால் அறும்போது இழப்பது கூடும். 8 எம்பி என்று வைத்தோம். 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு துண்டு 34 வினாடி. இணைப்பு எந்தக் கணத்தில் அறுந்தாலும் இழப்பு அதற்குள்தான். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு 124 துண்டுகள், ஆக 124 சுற்றுப் பயணங்கள். எல்லாம் சேர்ந்து கால் நிமிடம் போனாலும் 69 நிமிடத்தில் அது தெரியாது.

துண்டு 8 எம்பிதானே, பஃபரையும் அதற்கேற்ப உயர்த்தினால் தற்காலிகக் கோப்பே தேவையில்லையே என்று என் தோழர் கேட்டார். இருபது பேர் சேர்ந்தாலும் 160 எம்பிதான், இயந்திரம் தாங்கும். ஆயினும் பெறுவது எதுவுமில்லை: அரை நிமிடம் போல மட்டுமே இருந்து அழிக்கப்படும் கோப்பு பெரும்பாலும் பக்கத் தற்காலிகச் சேமிப்பிலேயே வாழ்ந்து முடிந்துவிடுகிறது. 128 கேபியை அப்படியே விட்டோம். உடலின் உச்ச வரம்பை மட்டும் 1500 எம்பியிலிருந்து 10 எம்பிக்கு இறக்கினோம். ஜாங்கோவில் ஒரு சிறு தடுக்கல் இருந்தது: உடலை ஒரே மூச்சில் கேட்டால் 2.5 எம்பிக்கு மேல் அது மறுத்துவிடும். 64 கேபி அளவில் சிறிது சிறிதாக வாசித்து நேரே இறுதிக் கோப்பின் கடைசியில் சேர்ப்பதாக மாற்றினோம். சரிபார்ப்புத் தொகைக் கணக்கு கோரிக்கையிலிருந்து நீங்கி, பின்னணியில் ஓடும் தனி வேலையாயிற்று.

சோதனையையும் இம்முறை ஒழுங்காகச் செய்தோம். லினக்ஸின் நெட்எம் கருவியால் வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கி, தாமதமும் பொதி இழப்பும் சேர்த்து, மூன்று கோப்புகளை ஒருசேர அனுப்பி, நடுவில் இரண்டு முறை இணைப்பைப் பிடுங்கினோம். நினைவகப் பயன்பாடு அசையவில்லை.

ஒரு சிறு பின்கதை மட்டும் உண்டு. பாதியில் நின்ற பதிவேற்றங்கள் வட்டை அடைக்காதிருக்க, ஏழு நாள் தொடப்படாதவற்றை அழிக்கும் வேலையொன்றை வைத்திருந்தோம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிஷனில் இருக்கும் தன்னார்வலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சிக்னல் எட்டும் இடத்துக்கு நடந்துவந்து அனுப்புகிறவர். ஒரு ஞாயிறு மழையால் வர முடியாமல் போய், அடுத்த ஞாயிறு வந்து பார்த்தபோது அவருடைய கோப்பின் முதல் 90 துண்டுகளையும் எங்கள் துப்புரவு வேலை அழித்திருந்தது. இப்போது அந்தக் கெடு 45 நாள்.